இயல்பாகக் காது கேட்கிறது

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் என்னிடம் கேட்டது ஒன்று, நான் எழுதப்போவது வேறொன்று. முகாம் நடத்துவது எப்படி, மனு எழுதுவது எப்படி, எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போவது என்றெல்லாம் எழுதித் தரச் சொன்னீர்கள். அதையெல்லாம் மூன்றே மாதத்தில் நீங்களாகவே கற்றுக்கொள்வீர்கள். என்னைவிட நன்றாகவும் செய்வீர்கள். கணினியைக் கண்டாலே எனக்குக் கை உதறும் என்பது ஊரறிந்த விஷயம்தானே. நான் எழுதப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அதை வருஷக்கணக்காகக் கூசாமல் எழுதித் தள்ளியவள் நான். கடைசியில் அது ஒரு பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

நம் உதவி மையம் அப்போது கருவடிக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டின் முன்பக்கத்தில் இருந்தது. மழை வந்தால் கோப்புகளை வாரிக்கொண்டு சமையலறைக்கு ஓடுவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை முகாம். ஊன்றுகோல், காலில் மாட்டும் காலிப்பர், சக்கர நாற்காலி, காது மிஷின் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் வந்து இறங்கும். வில்லியனூர், பாகூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பெரியவருக்கு முதல்முறையாக மிஷின் மாட்டினோம். மாட்டியதும் மதில்மேல் உட்கார்ந்து காக்கா கத்தியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ வருஷமா இது கத்திக்கினேதான் இருந்துதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

கருவி கொடுத்து மூன்று மாதம் ஆனதும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்புவோம். கருவிகளை நன்கொடையாகத் தந்தவர்களுக்கு ஒரு பிரதி, வாங்கியவருக்கு ஒரு பிரதி. கடைசிக் கட்டத்தில் 'கருவியால் ஏற்பட்ட பயன்' என்று இருக்கும். அதில் எழுதுவதற்கென்றே என்னிடம் ஒரு சொல் இருந்தது. இயல்பாக நடக்கிறார். இயல்பாக எழுதுகிறார். இயல்பாகக் காது கேட்கிறது. கொடுத்தவர்களுக்கு அதைப் படிக்கப் பிடிக்கும், மறு வருஷமும் பெட்டிகள் வரும். வாங்கியவர்களுக்கும் பிடிக்கும். யாருக்கும் கெடுதல் இல்லாத சொல் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தனலட்சுமியின் படிவத்திலும் அதையே எழுதினேன். தனம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூலக்குளத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தாள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த காய்ச்சலோடு அவளுடைய காது மந்தமாகிவிட்டது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில், ஓடும் பெல்ட்டில் வரும் மூடிகளில் கோணலானதைப் பொறுக்கி எடுக்கும் வேலை. கண்ணும் கையும் போதும், காதுக்கு அங்கே வேலையில்லை. நான் போன அன்று கதவைச் சாத்திவிட்டு எனக்கு எதிரே முட்டிக்கு முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். மிஷினின் பேட்டரி ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், வாரத்துக்கு ஒன்று தீர்ந்துவிடும். பஸ்ஸில் போகும்போது அணைத்து வைத்து மிச்சம் பிடிப்பதாகச் சொன்னாள். நான் கேட்ட கேள்விகள் இருபது இருக்கும். ஒன்றுக்குக்கூட 'ஆங்?' என்று திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அங்கேயே உட்கார்ந்து எழுதி, அவளுக்குப் படித்தும் காட்டினேன்.

ஓராண்டு போயிருக்கும். ஒரு நாள் காலையில் தனம் நம் மையத்துக்கு வந்தாள். கையில் கம்பெனிக் கடிதம். நடந்தது இதுதான்: கம்பெனியில் ஆபத்து மணியை மாற்றியிருக்கிறார்கள். முன்பு இருந்தது கனத்த மணி, அடித்தால் தரையே அதிரும், காலில் தெரிந்துவிடும். புதிதாக வைத்தது கீச்சென்று கத்தும் சைரன். தனத்துக்கு அது மிஷின்களின் இரைச்சலோடு கரைந்துபோனது. ஒத்திகை நடந்தபோது அவள் மட்டும் தலை நிமிராமல் மூடி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளே மேலாளரிடம் போய், என் இடத்துக்கு நேரே ஒரு விளக்கு வைத்துத் தாருங்கள், சைரன் கத்தும்போது அது மின்னினால் போதும் என்று கேட்டிருக்கிறாள். மறைக்காமல் எல்லாம் சொல்லிவிடுவது நல்லது என்று நினைத்து, நான் எழுதிய படிவத்தையும் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

கம்பெனியின் பதில் இரண்டு பத்திதான். முதல் பத்தி, கருவியுடன் உங்களுக்கு இயல்பாகக் காது கேட்பதாக உங்கள் படிவமே சொல்வதால் நீங்கள் மாற்றுத்திறனாளி அல்ல, ஆகவே விளக்குக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றது. இரண்டாவது, சைரன் கேட்கவில்லை என்று நீங்களே சொல்வதால் பாதுகாப்பு கருதி உங்களை வேலையில் வைத்திருக்க இயலாது என்றது. ஒரே தாளில், ஒரே கையெழுத்தில், அவளுக்குக் காது கேட்கவும் செய்தது, கேட்காமலும் போனது.

அவள் அழவில்லை. "அக்கா, நீங்க எழுதுனத நான் எங்க ஊட்டுக்காரருகிட்ட, எங்க நாத்தனாகிட்ட, எல்லார்கிட்டயும் காட்டினேன். லேமினேஷன்கூட போட்டு வெச்சிருக்கேன்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் புகார் போட்டோம். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அப்போது நம் பொறுப்பாளராக இருந்தவர் கெட்டிக்காரர், கோபக்காரர், அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் சொன்ன யோசனை சுருக்கமானது. "அங்க போனதும் அந்தப் பொண்ண மிஷினக் கழட்டச் சொல்லு. அவ பின்னாடி நின்னு கூப்புடு. திரும்ப மாட்டா. ஒரே நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தனத்திடம் போய்ச் சொன்னேன்.

"கழட்ட மாட்டேன்" என்றாள்.

"தனம், வேலை போயிடும்மா."

"போவட்டும். நாலு ஆம்பளைங்க உக்காந்து பாக்க, நான் காதக் காட்டிக்கினு நிக்கணுமா? எம் புருசன் எதிர்லயே நான் கழட்டுறதில்ல அக்கா."

அதுவரை முகாம்களில் எத்தனை பேரை நான் எல்லோர் எதிரிலும் மாட்டச் சொல்லி, கழற்றச் சொல்லி, நடந்து காட்டச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அவளிடம் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கையில் வேறு திட்டமும் இல்லாமல் விசாரணைக்குப் போனோம்.

பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் அது. கடற்கரைக்கு இரண்டு தெரு பின்னால். கூரை எட்டாத உயரத்தில். நீளத் தண்டில் தொங்கும் இரண்டு மின்விசிறிகள், ஒன்று கடகடவென்று சத்தம் போடும். வாசல் கதவு அளவுக்குப் பெரிய ஜன்னல்கள், வெளியே சுற்றுலா வந்தவர்களின் வாடகை ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நீள மேசையின் அந்தக் கோடியில் விசாரணை அதிகாரி, இந்தக் கோடியில் நாங்கள். பக்கவாட்டில் கம்பெனியின் பணியாளர் பிரிவு அதிகாரி. சின்ன வயசுப் பையன், மரியாதையானவன், எங்களுக்குத் தண்ணீர் பாட்டில்கூட நகர்த்தி வைத்தான். கெட்டவர்கள் எதிரில் உட்கார்ந்தால் நமக்கு வேலை சுலபம். நல்ல பிள்ளைகள் உட்கார்ந்தால்தான் கஷ்டம்.

அவன்தான் முதலில் பேசினான். "சார், நானும் கண்ணாடி போட்டிருக்கேன். கண்ணாடி போட்டா எனக்குக் கண்ணு சரியாயிடுது. நான் மாற்றுத்திறனாளி இல்ல. அதே மாதிரி மிஷின் போட்டா அவங்களுக்குக் காது சரியாயிடுது. ஊனச் சான்றிதழ்லயும் நாப்பது சதவீதத்துக்குக் கீழதான் இருக்கு. அப்போ சட்டம் எப்படி சார் பொருந்தும்?"

இதற்கு நான் தயாராகவே போயிருந்தேன். நாற்பது சதவீதம் என்பது இட ஒதுக்கீடு, உதவித்தொகை மாதிரியானவற்றுக்கு வைத்த அளவு, பாகுபாடு காட்டாதே என்று சொல்வதற்குச் சட்டம் அந்த அளவைக் கேட்கவில்லை என்றேன். கண்ணை அளக்கும்போது கண்ணாடி போட்டுத்தான் அளக்கிறார்கள், காதை அளக்கும்போது மிஷின் இல்லாமல் அளக்கிறார்கள், சட்டத்துக்கே இரண்டும் ஒன்றில்லை என்றேன். கண்ணாடி பார்வையைத் திருத்தும். காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும், பேச்சையும் சேர்த்து, விசிறியையும் சேர்த்து. விசாரணை அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அடுத்து அவர் தனத்தைப் பார்த்து, "எத்தினி வருஷமா அங்க இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

தனம் எழுந்து நின்று, "மூலக்குளம் சார்" என்றாள்.

'எங்க இருக்கீங்க' என்று அவளுக்கு விழுந்திருக்கிறது. அவர் புருவத்தைச் சுருக்கினார். நான் யோசிக்கவே இல்லை, உடம்பு தானாகத் திரும்பியது. அவள் முகத்துக்கு நேரே குனிந்து, உதடு தெரிய, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "கம்பெனில எத்தினி வருஷமா இருக்கீங்கன்னு கேக்குறாரு." "பதினோரு வருஷம் சார்" என்று கணீரென்று பதில் வந்தது.

அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னான். "சார், நடிக்கிறாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா பாருங்க, மேடம் கேட்டா கேக்குது, நீங்க கேட்டா கேக்கல. இந்தப் படிவம் மேடம் எழுதுனதுதான். இயல்பாகக் காது கேட்கிறதுன்னு எழுதி, கையெழுத்தும் போட்டிருக்காங்க." அவன் அதை மேசைமேல் தள்ளினான். தாள் அதிகாரியின் முன்னால் போய் நின்றது. அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே? இப்ப என்ன சொல்றீங்க?"

வேலையில் இருந்த இத்தனை வருஷத்தில் அந்த அரை நிமிஷம் மாதிரி நான் திணறியது கிடையாது. சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதினது சார் என்று சொல்லலாம். சொன்னால் நான் எழுதிய அத்தனை படிவமும் சும்மா எழுதியதாகிவிடும், அவற்றைப் படித்து நம்பி அனுப்பிய பெட்டிகளும் நின்றுபோகலாம். எழுதியது நிஜம்தான் என்றால் தனத்துக்கு வேலை போச்சு. பக்கத்தில் தனம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருவர் நம் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய் சொல்வது ரொம்பக் கஷ்டம். அவள் பார்ப்பது எதற்காக என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலக்குளத்து வீட்டில் அன்றும் அவள் இப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரி அரைகுறை சார்" என்றேன். "சின்ன ரூமு, கதவு சாத்தியிருந்துது, ஃபேன் இல்ல. நான் ஒன்றரை அடி தூரத்துல உக்காந்துகினு மெதுவா பேசினேன். அன்னைக்கு அவங்களுக்கு ரெண்டு மிஷின் இருந்துது சார். ஒண்ணு காதுல. இன்னொண்ணு நான். எழுதும்போது என்னை விட்டுட்டு எழுதிட்டேன். இங்க நீங்க அந்தக் கோடியில இருக்கீங்க, ஃபேன் ஓடுது, கூரையில பட்டு உங்க குரல் ரெண்டா வருது. காது அதே காது, மிஷினும் அதே மிஷின்தான் சார். எடந்தான் மாறிடுச்சு. நான் எழுதுனது தப்பு, அத அடிச்சிடுறேன்."

சொல்லிவிட்டு அந்தத் தாளுக்குக் கை நீட்டினேன்.

தனம் சட்டென்று, "அடிக்க வேணாம் சார்" என்றாள். குரல் தேவைக்கு அதிகமாகவே சத்தமாக வந்தது. "அது பொய்யில்ல. எங்க ஊட்டுல எனக்கு நல்லாத்தான் கேக்குது. பக்கத்துல 'ஊட்டுல'ன்னு மட்டும் சேத்துக்கங்க. கம்பெனில கேக்காது. அதுக்குத்தான் வெளக்கு கேட்டேன். வேற ஒண்ணுமே கேக்கல சார்."

சட்டம் ஊனத்துக்குச் சொல்கிற விளக்கத்தை நீங்கள் பயிற்சியில் படித்திருப்பீர்கள். நீண்டகாலக் குறை ஒன்று சுற்றியிருக்கும் தடைகளோடு சேரும்போது, மற்றவர்களுக்குச் சமமாக ஒருவரைப் பங்கெடுக்க விடாமல் செய்வது என்று வரும். நானும் மனப்பாடமாக ஒப்பிப்பேன். உடம்பிலிருக்கும் குறையை மட்டும் பார்க்காதே, அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் பார் என்று அது சொல்கிறது. தனம் அதைப் படித்தவளில்லை. ஒரே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்லி அதை எனக்குப் புரியவைத்தாள்.

அதிகாரி எழுந்து போய் மின்விசிறிகளை நிறுத்தினார். ஜன்னல் கதவுகளைத் தாமே சாத்தினார். தம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து தனத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். மிச்சக் கேள்விகளை எல்லாம் அங்கிருந்துதான் கேட்டார். எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. தனம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், நான் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் இருக்க என் கையை நானே கிள்ளிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். கடைசியாக அவர் கம்பெனிப் பிள்ளையிடம் திரும்பி, "அந்த வெளக்கு மாட்ட எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?" என்று கேட்டார். அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "எலக்ட்ரீஷியன் வந்தா அரை நாள் சார்" என்றான். சொன்னபோது அவன் தனத்தைப் பார்த்து, அவளுக்குத் தெரியும்படி வாயைத் திறந்து சொன்னான். அவன் நல்ல பிள்ளை என்று முன்பே சொன்னேனே.

பரிந்துரை வர இரண்டு மாதம் ஆனது. உத்தரவு இல்லை, பரிந்துரைதான். கம்பெனி மேல்முறையீடு, அது இது என்று இழுக்காமல் அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டது. அந்த இரண்டு மாதமும் அவள் வீட்டில் எப்படி இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நம் படிவத்தை மாற்றவேண்டும் என்று பொறுப்பாளரோடு சண்டை போட்டேன். "நல்லா கேக்குதுன்னு எழுதுனாத்தானே நமக்குப் பெட்டி வரும், இப்படி இழுத்து எழுதுனா எவன் படிப்பான்?" என்றார். எனக்கும் ஆத்திரம் வந்து, அப்படியானால் இனிமேல் நீங்களே வீடுவீடாகப் போங்கள் என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், கடைசிக் கட்டத்தை மூன்றாகப் பிரித்து அவர் கையாலேயே கோடு போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எங்கே, யாரோடு, எவ்வளவு நேரம். மிஷினைக் கழற்றச் சொல்லும் யோசனையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கிளறவில்லை. போன வருஷம் நான் ஓய்வு பெற்றபோது வந்து, மாலையை என் கழுத்தில் போடாமல் கையில் திணித்துவிட்டுப் போனார். பெட்டிகள் என்னவோ அடுத்த வருஷமும் வந்தன.

அந்த மூன்று கட்டங்களை நீங்கள் திட்டிக்கொண்டே நிரப்புகிறீர்கள் என்று கேள்வி. தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் நிரப்புங்கள். ஊன்றுகோலோடு ஒருவர் நன்றாக நடக்கிறார் என்றால் எந்தத் தரையில் என்று கேளுங்கள், மழை நாளில் எப்படி என்று கேளுங்கள். யாராவது கூட வந்தால்தான் நடக்கிறாரா என்று பாருங்கள், அந்த யாராவது நீங்களாகவே இருக்கலாம். உதவி பண்ணுகிறவர்களுக்குத் தங்கள் உதவி கண்ணில் படாது. அது நம் தொழிலுக்கே உள்ள வியாதி, எனக்கு முற்றியே போயிருந்தது.

தனம் வேலைக்குத் திரும்பி நாலைந்து மாதம் ஆகியிருக்கும். அவள் போனில் பேசுவதில்லை, எழுதித்தான் அனுப்புவாள். ஒரு மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தி அப்படியே தருகிறேன்.

"அக்கா இன்னைக்குக் கம்பெனில ஒத்திகை வெச்சாங்க. வெளக்கு மின்னுச்சு, நான் எழுந்துட்டேன். திரும்பிப் பாத்தா எங்க லைன்ல ஒருத்தியும் எழுந்துக்கல. புதுசா வந்த மிஷின் போடுற சத்தத்துல சைரனே கேக்கலையாம். நான்தான் ஒவ்வொருத்தியா முதுகுல தட்டி வெளிய கூட்டிக்கினு வந்தேன். எல்லாருக்கும் வெளக்கு வேணுமாம், இப்ப மனு எழுதணும்னு உக்காந்திருக்காங்க. எப்படி எழுதுறதுன்னு என்னாண்ட கேக்குறாங்க அக்கா."